ரோஸ் ரிப்பன்

போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அக்காவை அழைத்துக்கொண்டு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பெரிய கடை, ஐந்து மாடி. பெயர் வேண்டாம். நான் சண்டைக்கு நிற்பது அந்த ஒரு கடையோடு அல்ல. வாசலில் ரோஸ் நிறச் சேலை கட்டிய இரண்டு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பன்னீர் இல்லை, சந்தனம் இல்லை. கையில் தட்டு, தட்டு நிறைய, மடித்துக் குண்டூசி செருகிய ரோஸ் ரிப்பன்கள். உள்ளே நுழைகிற ஆண்களின் சட்டைப் பையிலும் பெண்களின் தோள் பக்கத்திலும் ஆளுக்கொன்றாகக் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்கும் ஒரு பெண் குத்தினாள். இடது தோளுக்குச் சற்றுக் கீழே, தலைப்பு மடிப்பில். அக்காவுக்கு அந்தப் பக்கத்து மார்பை எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. இரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாள். அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பாவம், அவள் வேலையை அவள் செய்தாள்.

"எதுக்கும்மா இது?" என்று அக்கா கேட்டாள்.

"ஆஃபர்ம்மா. லேடீஸ் வியாதிக்கு. அஞ்சாயிரத்துக்கு மேல எடுத்தா கூப்பன் கிடைக்கும்."

"என்ன வியாதிம்மா?"

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். "அதாம்மா... லேடீஸுக்கு வருமே" என்றாள்.

அக்கா சிரித்துவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பில் போட்டுக் கொடுத்த பையிலும் அதே ரிப்பன் பெரிதாக அச்சாகியிருந்தது. அதன் கீழே ஒரு வாசகம்: நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் ஒரு பகுதி புற்றுநோய் விழிப்புணர்வுக்கு. மேற்பார்வையாளராகத் தோன்றிய ஒருவரைப் பிடித்து, "எத்தனாவது பகுதி?" என்று கேட்டேன்.

"ஒரு பகுதி சார்."

"அது புரிகிறது. ரூபாய்க்கு எவ்வளவு? யாருக்குப் போகிறது?"

"அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல கேக்கணும் சார்."

நம் முன்னோர்கள் கணக்கில் கஞ்சர்கள் அல்லர். காலுக்கு ஒரு பெயர், அரைக்காலுக்கு ஒரு பெயர், பதினாறில் ஒன்றுக்கு மாகாணி, முந்நூற்றிருபதில் ஒன்றுக்கு முந்திரி என்று பொடிப் பொடியாகப் பின்னம் பிரித்துப் பெயர் வைத்துப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பாட்டில் எங்கே தேடினாலும் 'ஒரு பகுதி' என்று ஓர் அளவு கிடையாது. அது நம் காலத்து வியாபாரிகள் கண்டுபிடித்த பின்னம். பூஜ்யத்துக்கு மேல் எதுவாகவும் இருக்கலாம். யாரும் நிறுத்துப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். பணம் நோயாளிக்கு என்று பையில் போடவில்லை. 'விழிப்புணர்வுக்கு' என்றுதான் போட்டிருந்தது. ரிப்பன் வாங்கிய செலவும் பை அச்சடித்த செலவும் விழிப்புணர்வுச் செலவுதான் என்று அவர்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் என்ன பதில் இருக்கிறது? நம்மிடம் வாங்கிய பணத்தில் கடைக்கு விளம்பரம் செய்து, அந்த விளம்பரத்துக்கே தர்மம் என்று பெயரும் சூட்டியாயிற்று!

இந்த ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் என் கோபம் உங்களுக்கும் கொஞ்சம் வரும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சிமி வேலி என்ற ஊரில் ஷார்லட் ஹேலி என்று ஒரு மூதாட்டி இருந்தார். 1990களின் தொடக்கத்தில் அவருக்கு அறுபத்தெட்டு வயது. சகோதரி, மகள் உட்பட அவர் குடும்பத்துப் பெண்கள் பலரை மார்புப் புற்றுநோய் பிடித்திருந்தது. அந்த அம்மாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தம் கையாலேயே துணி நாடாவை வெட்டி மடித்து, ஐந்தைந்தாக ஓர் அட்டையில் செருகினார். அந்த நாடா ரோஸ் நிறம் அல்ல; பீச் பழ நிறம், அதாவது ஆரஞ்சும் ரோஸும் கலந்த மங்கல் நிறம். ரிப்பனை விட முக்கியம், அந்த அட்டையில் அச்சிட்டிருந்த சமாசாரம். தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டுச் செலவு 180 கோடி டாலர். அதில் நோய் வராமல் தடுக்கும் ஆராய்ச்சிக்கு ஐந்து சதவீதம்தான் போகிறது. இந்த ரிப்பனை அணிந்து சட்டசபைக்காரர்களைத் தட்டி எழுப்புங்கள் என்பது அதன் சாரம். கடைத்தெருவில் நின்று கொடுத்தார். பிரபலமான பெண்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார். யாரிடமும் காசு கேட்கவில்லை.

தொகை, சதவீதம், கோரிக்கை, யாரிடம் கோரிக்கை என்ற நான்கும் அந்த ஒரு சிறிய அட்டையில் அடங்கியிருந்தன. ஒரு வக்கீல் நோட்டீசுக்கு இருக்க வேண்டிய லட்சணம் அது.

1992-ல் 'செல்ஃப்' என்ற பெண்கள் பத்திரிகை, மார்புப் புற்றுநோய்க்கென்று ஒரு சிறப்பிதழ் தயாரித்துக்கொண்டிருந்தது. அதன் ஆசிரியையும், எஸ்டே லாடர் என்ற அழகுசாதனக் கம்பெனியின் ஈவ்லின் லாடர் அம்மையாரும் சேர்ந்து, கம்பெனியின் விற்பனை மேஜைகளில் ரிப்பன் கொடுக்கலாம் என்று திட்டமிட்டார்கள். ஹேலியிடம் போய் அவருடைய ரிப்பனைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார், அது வியாபாரமாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். பத்திரிகைக்காரர்கள் வக்கீல்களைக் கேட்டார்கள். வக்கீல்கள் சுலபமான வழி சொன்னார்கள்: வேறு நிறம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டார்கள். அதுதான் ரோஸ். பவுடரும் உதட்டுச் சாயமும் விற்கிற மேஜைகளிலிருந்து அந்த ஆண்டே லட்சக்கணக்கில் ரோஸ் ரிப்பன்கள் போயின. பீச் நிறம் அடையாளம் தெரியாமல் போயிற்று. ஹேலி 2014-ல் காலமானார்.

நிறம் மாறினால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். நிறத்தோடு கூட அட்டையும் போய்விட்டதே, அதுதான் என் வழக்கு. 180 கோடியும் ஐந்து சதவீதமும் போயின. தட்டி எழுப்பச் சொன்ன வாக்கியம் போயிற்று. மிஞ்சியது வெறும் நாடா. வெறும் நாடாவை எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈவ்லின் லாடர் கெட்ட மனுஷி அல்லர். 1993-ல் அவர் ஆரம்பித்த ஆராய்ச்சி நிதி ஸ்தாபனம் உண்மையாகவே விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்துவருகிறது. நல்லவர்கள் கையிலேயே இந்தக் காரியம் இப்படித் திரும்பியது என்றால், மற்றவர்கள் கைக்குப் போனபோது என்னவாயிற்று என்று பாருங்கள்.

2002-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கடன் அட்டைக்காரர்கள் ஒரு திட்டம் போட்டார்கள். அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் மார்புப் புற்றுநோய்க்கு நன்கொடை. எவ்வளவு? ஒரு சென்ட். பத்து டாலருக்கு வாங்கினாலும் ஒரு சென்ட். ஆயிரம் டாலருக்கு வாங்கினாலும் அதே ஒரு சென்ட். யோப்லே என்ற தயிர்க் கம்பெனி, கிண்ணத்தின் ரோஸ் நிற மூடியைக் கழுவித் தபாலில் அனுப்பினால் மூடிக்குப் பத்து சென்ட் கொடுப்பதாகச் சொன்னது. வீட்டில் ஒரு பெண் தினம் ஒரு கிண்ணம் தயிர் சாப்பிட்டு, ஒரு மூடி விடாமல் கழுவிக் காய வைத்து வருஷம் முழுக்க அனுப்பினால் சேருவது முப்பத்தாறரை டாலர். தபால் செலவு அவளுடையது. அந்த முப்பத்தாறரை டாலரை நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் தயிர் விற்றிருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்! அந்தத் தயிருக்குப் பால் கொடுத்த மாடுகளுக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களே, அதுவே புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு உரியதாயிற்றே என்று சான் பிரான்சிஸ்கோவிலிருக்கும் 'பிரெஸ்ட் கேன்சர் ஆக்ஷன்' என்ற பெண்கள் அமைப்பு சத்தம் போட்டது. 2009-ல் கம்பெனி அந்தப் பாலைக் கைவிட்டது. அந்த அமைப்புதான் 2002 முதல், ரோஸ் நிறத்தைக் கண்டதும் பையைத் திறக்காதே, முதலில் யோசி என்று பிரசாரம் செய்துவருகிறது. பணக்கார அமைப்பு அல்ல. மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்குவதில்லை என்று ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறார்கள்.

2010-ல் கே.எஃப்.சி. கோழி வறுவல் கடைகள் ரோஸ் நிறப் பக்கெட்டில் கோழியைப் போட்டு விற்றன. சூசன் ஜி. கோமன் என்ற பெரிய தர்ம ஸ்தாபனத்துக்குப் பக்கெட்டுக்கு ஐம்பது சென்ட். பொடி எழுத்தில் ஓர் உண்மை இருந்தது. கடைக்காரர்கள் காலிப் பக்கெட்டுகளை வாங்கும்போதே அந்த ஐம்பது சென்ட் செலுத்தப்பட்டுவிடுகிறது. நீங்கள் கோழி வாங்குவதால் தொகை நேரடியாக ஒரு காசு கூட ஏறாது. எண்ணெயில் பொரித்த கோழியைத் தின்று மாதவிடாய் நின்ற வயதில் உடம்பு பெருத்தால் மார்புப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்பது மருத்துவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். 2014-ல் பேக்கர் ஹியூஸ் என்ற எண்ணெய்க் கிணற்றுக் கம்பெனி, பூமியைத் துளைக்கிற ஆயிரம் துரப்பண முனைகளுக்கு ரோஸ் வர்ணம் அடித்து அனுப்பியது. அதே கோமன் ஸ்தாபனத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. தரைக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறையைக் குடைகிற இரும்புக்கு ரோஸ் நிறம்! அங்கே யாருக்கு விழிப்புணர்வு ஊட்டினார்களோ, எனக்குத் தெரியாது. நான் ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால், மிகைப்படுத்துகிறான் என்று பத்திரிகாசிரியர் வெட்டியிருப்பார்.

கோமன் ஸ்தாபனத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 'ஃபார் த க்யூர்' என்ற மூன்று ஆங்கில வார்த்தைகளைத் தங்கள் சொத்து என்று சொல்லி, அந்த வார்த்தைகளை உபயோகித்த சின்னச் சின்ன தர்ம காரியங்களுக்கெல்லாம் அது வக்கீல் மூலம் ஆட்சேபம் அனுப்பிய செய்தி 2010-ல் வெளியாயிற்று. காற்றாடி விட்டுப் புற்றுநோய்க்குப் பணம் சேர்த்தவர்கள்கூடத் தப்பவில்லை. தர்மத்துக்கு வணிக முத்திரை பதிவு செய்துகொண்டால் அடுத்தபடி இதுதான். அன்னதானம் என்ற சொல்லை ஒரு மடம் பதிவு செய்துகொண்டு, மற்ற ஊர்க்காரர்கள் பந்தி போட்டால் வழக்குப் போடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சின்னங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1991-ல் நியூயார்க்கில் சில கலைஞர்கள் சேர்ந்து சிவப்பு ரிப்பனை உண்டாக்கினார்கள். எய்ட்ஸ் நோயில் நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்த காலம். அப்போது நோயாளியைத் தொடவே பயந்தார்கள். அந்த ரிப்பனைக் குத்திக்கொண்டு ஒருவன் பஸ்ஸில் ஏறினால் அதற்குத் தைரியம் வேண்டியிருந்தது. அதற்கு யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது, யாரும் காப்புரிமை வாங்கக் கூடாது என்று அந்தக் கலைஞர்கள் முதலிலேயே தீர்மானித்துக்கொண்டார்கள். தம் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அது நட்சத்திரங்களின் கோட்டுக்கு அலங்காரமாகிப் போனது வேறு கதை. அணிகிறவனுக்கு ஏதோ ஒரு விதத்தில் வலிக்கிற வரையில் அது உயிருள்ள சின்னம்; வலி போய் லாபம் வந்ததும் பித்தான் மாதிரி அதுவும் சட்டையின் ஒரு பாகம்.

2004-ல் வந்த மஞ்சள் ரப்பர் வளையத்தை மறந்திருக்கமாட்டீர்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நைக்கி கம்பெனி செய்து ஒரு டாலருக்கு விற்றது. எட்டுக் கோடிக்கு மேல் விற்றது. நம் ஊர்ப் பிளாட்பாரங்களிலும் அதன் போலிகள் குவிந்தன. கல்லூரிப் பையன்கள் கலருக்கு ஒன்றாய் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். எதற்கு என்று நான் கேட்ட பையன் எவனும் புற்றுநோய் என்று சொல்லவில்லை. 2012-ல் அந்த வீரர் ஊக்க மருந்து உட்கொண்டது நிரூபணமாகிப் பட்டங்கள் பறிபோனபோது, வளையத்தைக் கழற்றி எறிந்தார்கள். புற்றுநோயாளி அப்படியேதான் இருந்தான்.

சரி, மற்றவர்களைச் சொல்லிவிட்டேன். என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் குத்திய ரிப்பனைக் கழற்ற மறந்து, அன்று மாலை ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு அதோடு போய்விட்டேன். வரவேற்றவர் அதைப் பார்த்துவிட்டு, "எழுத்தாளர்னா இப்படித்தான் சார் இருக்கணும், சமூக அக்கறை!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுக்க வேண்டியதுதானே? மறுக்கவில்லை. அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளூரக் குளிர்ந்துகூடப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பைசா கொடுக்கவில்லை, ஒரு நோயாளியின் கட்டிலருகே அன்று நிற்கவில்லை. ஐயாயிரத்துச் சில்லறைக்குத் துணி எடுத்ததுதான் நான் செய்த தர்மம். புண்ணியம் வந்து சேர்ந்துவிட்டது! வியாபாரி எதை விற்கிறான் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில் நன்றாகப் புரிந்தது. சேலையை விற்று, அதோடு மனச்சாட்சிக்கு ஒரு தூக்க மாத்திரையையும் இலவசமாகக் கொடுக்கிறான்.

நம் கோயில்களில் ட்யூப்லைட்டின் மேல் 'உபயம்: இன்னார்' என்று பட்டையாக எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைத்துவிடுகிறார்கள் என்று நாம் கேலி பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்த இன்னார் ட்யூப்லைட்டைத் தம் காசில் வாங்கி மாட்டினார். கோயிலில் வெளிச்சம் பாதியாவது இருக்கிறது. கோயில் உண்டியலில் என்ன குறை சொன்னாலும், நாள் குறித்து, அதிகாரிகள் முன்னிலையில் பூட்டைத் திறந்து, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து எண்ணுகிறார்கள். இத்தனை ரூபாய், இத்தனை கிராம் தங்கம் என்று மறுநாள் பேப்பரில் வருகிறது. ரோஸ் நிறப் பையின் உண்டியலை யார் திறந்து எண்ணியது?

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது காசநோய் ஸ்டாம்பு விற்கச் சொல்வார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி கொடி நாள் வரும். தகர டப்பாவில் காசு போட்டால் ஒரு காகிதக் கொடி குத்துவார்கள். 1949 முதல் நடந்துவரும் பழக்கம் அது. அதில் ஒரு முறை இருந்தது. முதலில் காசு, அப்புறம் கொடி. கொடி என்பது நீ கொடுத்ததற்கு ரசீது. படைவீரர் குடும்பத்துக்குப் போகிறது என்று டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும். இப்போது முறை தலைகீழாகிவிட்டது. ரசீது முதலில் கிடைக்கிறது. அப்புறம் சாமான் வாங்க வேண்டும். காசு போகலாம், போகாமலும் இருக்கலாம்.

ஒழுங்காகச் செய்ய முடியாதா என்றால், முடியும். அமெரிக்கத் தபால் இலாகாவே 1998-ல் செய்து காட்டியது. 32 சென்ட் தபால்தலையை 40 சென்டுக்கு விற்றார்கள். கூடுதல் எட்டு சென்டில், நியாயமான செலவு போக, எழுபது சதவீதம் தேசியச் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, முப்பது சதவீதம் ராணுவ இலாகாவின் மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இதுவரை 9 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது. தபால்தலையை வாங்கி ஒட்டியவனுக்கு அந்த எட்டு சென்ட் எங்கே போயிற்று என்று தெரியும். ராணுவ இலாகா இந்த ஆராய்ச்சியில் எப்படி வந்தது? அங்கேயும் ரிப்பனால் வரவில்லை. 1991-ல் ஒன்றுசேர்ந்த பெண்கள் கூட்டமைப்பு நாடாளுமன்றத்தை நெருக்கி, 1993-ஆம் நிதியாண்டுக்கு 21 கோடி டாலரை ராணுவ பட்ஜெட்டிலிருந்து பிடுங்கி எடுத்தது. அதே 1993 அக்டோபரில் 26 லட்சம் கையெழுத்துகளைக் கொண்டுபோய் ஜனாதிபதி கிளிண்டன் முன்னால் வைத்தார்கள். ஹேலி அம்மாளின் அட்டை கேட்டதும் இதைத்தான்.

இதற்கெல்லாம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "எப்படியோ ஜனங்களுக்கு விழிப்புணர்வு வருகிறதல்லவா? பேசக் கூச்சப்பட்ட விஷயத்தை இப்போது பேசுகிறார்களே!" இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். கூச்சம் உண்மையானது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஃபேனி ரோசனோ என்ற பெண், இந்த நோயிலிருந்து மீண்ட பெண்களின் கூட்டத்துக்கு 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஓர் அறிவிப்புக் கொடுக்கப் போனார். மார்பு என்ற சொல்லையும் புற்றுநோய் என்ற சொல்லையும் அச்சிட முடியாது என்றார்கள். நெஞ்சுச் சுவர் நோய்கள் என்று போட்டுக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார்கள். அவர் போனை வைத்துவிட்டார்.

எழுபது வருஷம் கழித்து, நம் ஜவுளிக் கடை வாசலில், அந்த நோய்க்காகவே நிறுத்தப்பட்டிருந்த பெண் என்ன சொன்னாள்? 'லேடீஸ் வியாதி' என்றாள். பையில் அந்தச் சொல் இல்லை. விளம்பரப் பலகையில் இல்லை. ரிப்பன் இருக்கும்போது சொல் எதற்கு? பேச வைக்க வந்த சின்னம், பேசாமலிருக்க வசதி செய்து கொடுத்துவிட்டது. என் அக்கா தன் மார்பில் கட்டியைக் கண்ட பிறகு ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அத்தானிடம் சொல்லவில்லை, என்னிடமா சொல்லப் போகிறாள்? அப்போதும் ஊரில் அக்டோபர் வந்தது. அப்போதும் ரோஸ் ரிப்பன்கள் தொங்கின. எங்கே போக வேண்டும், என்ன செலவாகும், யார் பார்ப்பார்கள், பெண் டாக்டர் உண்டா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ரிப்பன் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்துபோகும் ஒரு கிராம சுகாதார நர்ஸ் அம்மாதான் பேச்சுவாக்கில் கேட்டுக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவில் ஏறக்குறைய 1,78,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் கண்டது. 90,000 பேர் இறந்தார்கள். நம் பெண்கள் டாக்டரிடம் தாமதமாகப் போகிறார்கள் என்பது அதன் பெரிய காரணங்களில் ஒன்று. இதற்கு என்ன செய்யலாம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்காரர்கள் 1998 முதல் இருபது வருஷம் பொறுமையாக ஆராய்ந்தார்கள். குடிசைப் பகுதிகளில் 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதிப் பேரை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வீதம் நான்கு சுற்று கையால் தடவிப் பார்த்துச் சோதித்தார்கள். யந்திரம் இல்லை. 2021-ல் முடிவு வெளியாயிற்று. ஐம்பதும் அதற்கு மேலும் வயதான பெண்களிடையே இந்த நோயால் வரும் மரணம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் குறைந்த வயதுக்காரர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். இதுவும் விழிப்புணர்வுதான். ஆனால் இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதை எந்தக் கடையும் பையில் அச்சடிக்கவில்லை.

நம் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், மாதர் சங்கத்தின் மூலம் வீடு வீடாக நிதி கேட்டு 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பன்னிரண்டு படுக்கைகள். அதற்கு அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்ணை மூடும் வரை அதற்கே உழைத்தார். படுக்கையை எண்ணிப் பார்க்கலாம்.

நம் சர்க்காருக்கும் வித்தியாசம் தெரியாமலில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூக நலத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2021-ல் அதன் விதியைத் திருத்தி, தன் சரக்குக்கு விளம்பர ஆதாயம் தேடிச் செய்கிற உபயம் இந்தக் கணக்கில் சேராது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் தர்மம் இல்லை என்று சட்டம் ஒதுக்கியதை, பையின் மேல் தர்மம் என்று அச்சடித்து நம் கையில் கொடுக்கிறார்கள். பையைத் திருத்தச் சட்டம் இல்லை.

அந்த வாசல் பெண்ணைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நாங்கள் துணி எடுத்து முடித்து வெளியே வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்போதும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் முக்காலி கூட இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் போட வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. பெண்கள் நலத்துக்காக ரிப்பன் குத்துகிற கடையில், குத்துகிற பெண்ணுக்கு உட்கார இடமில்லை. அக்கா அவளிடம் நின்று, "உனக்கு அம்மா இருக்காங்களா? என்ன வயசு?" என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு என்றாள். அப்புறம் அக்கா அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். இரண்டு நிமிஷம் பேசியிருப்பார்கள். அந்தப் பெண் தட்டை ஸ்டூல் இல்லாத காரணத்தால் தரையிலேயே வைத்துவிட்டு, செல்போனை எடுத்து ஒரு நம்பரைக் குறித்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் உள்ளேயிருந்து அதட்டவும் அவசரமாகத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் அக்கா அந்த ரிப்பனைக் கழற்றிக் குண்டூசியைத் தனியே எடுத்துப் பர்சில் போட்டாள். நாடாவைப் பேத்தியின் பொம்மைக்குத் தலைபின்னக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கடையின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நூறு ரூபாய்க்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், எந்த மருத்துவமனைக்கு, இவ்வளவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஏதாவது உச்சவரம்பு உண்டா, ரிப்பனுக்கும் பைக்கும் விளம்பரத்துக்கும் ஆன செலவு எவ்வளவு, அடுத்த வருஷம் அந்தப் பையின் பின்புறத்தில், மார்பில் கட்டி தெரிந்தால் எங்கே போவது என்று நாலு வரி அச்சிட முடியுமா? பணிவாகத்தான் எழுதியிருந்தேன். என் செல்போன் நம்பரும் போட்டிருந்தேன்.

மூன்று மாதம் ஆகப் போகிறது. கடிதத்துக்குப் பதில் இல்லை. நம்பரை மட்டும் குறித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. போன வாரம் அந்தக் கடையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: பொங்கலுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி.